பட்டியலில் இல்லாத ஒன்று

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. ஹாவ்லிக் அதை நிறுத்திவிட்டு எழுந்தான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். காபி மெஷினில் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினான். அது கரகரக்கத் தொடங்கியதும் நிலவறைக்கு இறங்கினான்.

டிரையரைத் திறந்து ஒரு சட்டையும் ஒரு ஜோடி காலுறையும் எடுத்தான். துவைத்த துணியை அவன் மடித்து வைப்பதில்லை. எல்லாம் டிரையரிலேயே கிடக்கும். தேவைப்படும்போது தேவையானதை எடுத்துக்கொள்வான். அடியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. அது அவனுடையது இல்லை. வாரா வாரம் அவன் துணிகளோடு சேர்ந்து அதுவும் சூட்டில் சுற்றும். பதினோரு மாதத்தில் ஒரு குழந்தைக்கு ஆகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கதவைச் சாத்தினான். மேலே வந்து நின்றபடியே காபி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

வெளியே ஹார்ன் மூன்று முறை அலறியது. பெர்னி வந்துவிட்டாள்.

பெர்னி ஒச்சோவா இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே ஹாவ்லிக்கின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, "அம்பது பிள்ளைங்கள்ல எவன் சீட்டுல பபிள்கம் ஒட்டினான்னு திரும்பிப் பாக்காமலே சொல்லுவேன். வேலை இருக்கா?" என்று கேட்டாள். நான்கு வருஷமாக அவனுடைய உதவியாளர். இப்போது வயது ஐம்பத்தெட்டு. இடது முட்டி மட்டும் எண்பது என்று சொல்லிக்கொள்வாள்.

காரில் ஏறினான்.

"பாஸ், அந்தச் சட்டையை இஸ்திரி போட்டீங்களா, இல்ல அது மேல உக்காந்து எந்திரிச்சீங்களா?"

"கிளம்புங்க பெர்னி."

"காலை வணக்கம்னு ஒண்ணு இருக்கு. சும்மா சொன்னேன்." வண்டியைக் கிளப்பினாள். பின் இருக்கையில் வட்டமான பேக்கரிப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதை அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "கட்சிக்காரர் கொடுத்த அட்வான்ஸ். பீக்கன் பருப்பு வச்ச க்ரிங்கிள், இந்த ஊரு இனிப்பு ரொட்டி. பாதி உங்க பங்கு. நேத்து சாயங்காலம் வரைக்கும் பத்திரமா வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாயங்காலம் முடிஞ்சிருச்சு."

ஏரிப் பக்கமிருந்து ஏப்ரல் மாத மூடுபனி தெருவுக்குள் வந்திருந்தது. ரசீன் நகரம் அரைகுறையாகத் தெரிந்தது.

கட்சிக்காரர் கோரின் ராஸ்முசென். இருபது வயது. பேக்கரியில் வேலை. மின்தொழிலாளர் சங்கத்தின் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். நானூறு பேர் எழுதிய பரீட்சையில் பத்து இடம், அதில் ஒன்று அவளுக்கு. திங்கள் காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கூடத்தில் அவள் நிற்க வேண்டும், பட்டியலில் உள்ள பத்தொன்பது கைக்கருவிகளோடு. ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அங்கே கெஞ்சலுக்கு இடமில்லை.

இன்று வெள்ளி. அவளிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை.

அம்மா மார்லிஸ் பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்துபோனாள். அதற்கு ஒரு மாதம் முன்பு, "கருவியப் பத்திக் கவலைப்படாதே, வாங்கியாச்சு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். கோரின் பிறந்த வருஷம் மார்லிஸ் தொடங்கிய கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஜனவரியில் ஒரு தொகை எடுக்கப்பட்டிருந்தது. பணம் போயிருக்கிறது. கருவிகள் வரவில்லை. கணக்கு இப்போது அப்பா ஆர்லன் பெயருக்கு மாறிவிட்டது. மீதிப் பணத்தைத் தொட அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

"எனக்கு ஒரு சந்தேகம் பாஸ். காலேஜுக்குன்னு சேர்த்த பணத்துல சுத்தியல் வாங்கலாமா?"

"வாங்கலாம். சட்டம் மாறி சில வருஷம் ஆச்சு. அரசாங்கத்துல பதிவான தொழிற்பயிற்சியா இருக்கணும். அவங்க கட்டாயம்னு சொல்ற கருவியா இருக்கணும். இருந்தா வரி கிடையாது."

"லிஸ்ட்டுல இல்லாத ஒண்ணைச் சேர்த்து வாங்கினா?"

"அதுக்கு வரி விழும். அபராதமும் விழும்."

"ஒரு ஆணி வாங்கினாக்கூடவா? என் முதல் புருஷன் மாதிரி இருக்கே இந்தச் சட்டம்." திருப்பத்தில் வண்டியை ஒடித்தாள். "ஆர்லன் சொல்றதும் நியாயமாத்தானே படுது. மார்லிஸ் கடைசியில வலி மருந்து மயக்கத்துல இருந்தா, எவனோ போன்ல பேசி ஏமாத்திட்டான்கிறாரு. கடைசி வார்த்தைகூட 'கோரினைக் காலேஜுக்கு அனுப்பிடு'ன்னுதான் சொன்னாளாம். கருவி காணாமப் போனதே ஒரு சகுனம்தான்கிறாரு."

ஹாவ்லிக் ஜன்னல் பக்கம் திரும்பினான். நேற்று ஆர்லன் அந்த வார்த்தையைச் சொன்னபோதும் அவன் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

"நல்ல மனுஷன்தான்," என்றாள் பெர்னி. "மழையில குடை பிடிச்சு என்னைக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டாரு. கதவைத் திறந்துவிட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் அந்தக் கராஜ்ல என்னை நிக்க வச்சாரு பாருங்க. இருந்த ஒரே இருக்கை அவரோட பக்கெட். அதுல அவரே உக்காந்துக்கிட்டாரு. என் முட்டி நேத்தே ராஜினாமா கடிதம் கொடுத்திருச்சு."

"கையுறை எங்க?"

"முட்டியப் பத்திச் சொன்னா கையுறையக் கேக்குறீங்க. முன்னாடி டப்பாவுல இருக்கு."

எடுத்தான். மஞ்சள் கம்பளிக் கையுறை, வலது கைக்கானது, ஒன்றே ஒன்று. கோரினுடையது. அம்மாவின் குளிர்கோட்டுப் பையில் இருந்ததாக நேற்று அவள்தான் கொடுத்தாள். இந்த வழக்கில் கைக்கு அகப்பட்ட ஒரே தடயம் அதுதான்.

"ஒரு ஜோடி இருந்திருந்தா மகளுக்குக் கொடுக்க எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லலாம்," என்றான். "ஒத்தைக் கையுறைய எங்க எடுத்துட்டுப் போவீங்க?"

பெர்னி யோசித்தாள். "செருப்புக் கடைக்கு ஒத்தைச் செருப்பைத்தான் எடுத்துட்டுப் போவேன். என் பேரனுக்கு அளவு பாக்க."

"அதேதான். மகளோட கைக்கு அளவு பாக்கப் போயிருக்காங்க. போன்ல ஏமாந்தவங்க கையுறையோட கடைக்குப் போக மாட்டாங்க. டக்ளஸ் அவென்யூவுக்கு விடுங்க. வேலைக்காரங்க கருவி வாங்குற கடை."

* * *

கடை ஆறரைக்கே திறந்திருந்தது. கவுண்டருக்குப் பின்னால் டெல்மர் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். காதில் பென்சில், நெற்றியில் மூக்குக்கண்ணாடி. முன்னால் நின்ற குழாய்த் தொழிலாளிக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஹாவ்லிக் கையுறையைக் கவுண்டரில் வைத்தான்.

டெல்மர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "மார்லிஸ் ராஸ்முசென்," என்றார்.

"எங்க கேள்வியையும் நீங்களே கேட்டுட்டா எங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பா?" என்றாள் பெர்னி.

"இதை மறக்க முடியுமா மேடம்? ஜனவரி. வெளியில முழங்கால் பனி. தலையில துணித்தொப்பி, மூஞ்சி காகிதம் மாதிரி. அங்க, ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுல உக்காந்தா. முதல்ல தன் கையில ஒரு தடிச்ச கையுறை மாட்டினா. அது மேல இந்த மஞ்சளை மாட்டினா. ஏன்னு கேட்டேன். 'என் கை இப்ப சுள்ளி மாதிரி ஆயிருச்சு டெல்மர், என் பொண்ணு கை ஆகணும்னா உள்ள திணிக்கணும்'னா. கட்டிங் பிளேயர் ஏழு தினுசு எடுத்துக் காட்டினேன். ஒவ்வொண்ணாப் பிடிச்சு அமுக்கிப் பாத்தா. ஒரு மணி நேரம்."

"எல்லாம் வாங்கினாங்களா?"

"பத்தொன்பதும். கையில பயிற்சிக்கூடத்து லிஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் டிக் அடிச்சா. பேட்டரி டிரில் ஆஃபர்ல இருக்குன்னு சொன்னேன். என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சா. 'கரன்டு மெஷினைக் கம்பெனிதான் கொண்டுவரணும். என் பொண்ணு சொந்த டிரில்லோட போய் நின்னா முதல் நாளே சிரிச்சு விரட்டிடுவாங்க. முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியன் கூடக் குடும்பம் நடத்தினவகிட்டயே விக்கப் பாக்குறியா?'ன்னா."

"மயக்கத்துல இருந்த மாதிரி தெரியலையே," என்றாள் பெர்னி.

"மயக்கமா? பில் போடறப்ப ஒரு இன்சுலேஷன் டேப்பை நான் சேர்த்துப் போட்டேன். சட்டுனு எடுத்து வெளியில வச்சுட்டா. 'இது லிஸ்ட்டுல இல்ல. இந்தப் பணம் லிஸ்ட்டுக்கு மட்டும்தான். இருபது வருஷம் ஒழுங்காச் சேர்த்தேன், ஒரு டேப்புக்காக வரிக்காரன் கடிதம் போட வேண்டாம்'னா. சரி, சும்மா வச்சுக்கோம்மான்னேன். 'ஓசியும் லிஸ்ட்டுல இல்ல'ன்னுட்டா. கைப்பையத் தேடினா. காசைக் கார்லயே விட்டுட்டு வந்திருந்தா. மறுபடி நடக்க முடியல பாவம். 'டேப்பை அப்புறமா வாங்கிக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா."

"டேப் அவ்வளவு முக்கியமா?"

"தம்பி, வேலை நடக்குற இடத்துல இருபது பேர் கையிலயும் ஒரே மாதிரி பிளேயர். ஆளுக்கு ஒரு நிறம் கைப்பிடியில சுத்தியிருப்பாங்க. சுத்தலேன்னா பகல் சாப்பாட்டுக்குள்ள அதுக்குக் கால் முளைச்சுப் போயிடும்."

ஹாவ்லிக் கையுறையை எடுத்து மடித்தான். "ஆர்லன் கடைக்கு வர்றது உண்டா?"

"ஓய்வு பெத்து ரெண்டு வருஷமாச்சே, வர்றதே இல்ல. இல்ல, இருங்க. ஒரு தடவை வந்தான். அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். இன்சுலேஷன் டேப் ஒரு உருளை. நானும் பழக்கத்துல சிவப்பை எடுத்து வச்சேன். முப்பத்தொரு வருஷமா சிவப்பு வாங்கின மனுஷன். 'மஞ்சள் கொடு'ன்னான். எதுக்குன்னேன். தோட்டத்து ஹோஸ் ஒழுகுதுன்னான். பிப்ரவரியில தோட்டத்து ஹோஸ்." டெல்மர் தலையசைத்தார். "துக்கத்துல இருக்கற ஆள். நான் ஒண்ணும் கேக்கல."

பெர்னி ஹாவ்லிக்கைப் பார்த்தாள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா ஒண்ணு," என்றான். "பத்தொன்பதையும் எதுல போட்டுக் கொடுத்தீங்க? பையிலயா?"

"லிஸ்ட்டுல பையோ பக்கெட்டோன்னுதான் இருக்கும். பக்கெட்டு கேட்டா. அஞ்சு கேலன் வெள்ளைப் பக்கெட். மூடி மெத்தை வச்சது. சாப்பாட்டு நேரத்துல மூடிமேல உக்காந்துக்கலாம் பாருங்க."

* * *

காரில் ஏறியதும் ஹாவ்லிக் கேட்டான். "முட்டி எப்படி இருக்கு?"

"நாலு வருஷத்துல முதல் தடவையா கேக்குறீங்க. உடம்பு சரியில்லையா?"

"நேத்து நாப்பது நிமிஷம் நின்னீங்க."

"ஆமா. அதைத்தானே காலையில புலம்பினேன்."

"மழையில குடை பிடிச்ச மனுஷன். கதவைத் திறந்துவிட்ட மனுஷன்."

"ஆமா. மரியாதை தெரிஞ்ச..." பெர்னி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. அவள் ஜன்னலை இறக்கி, "உனக்கு என்னப்பா அவசரம், இங்க ஒரு கேஸே முடிஞ்சிருக்கு!" என்று கத்திவிட்டு மறுபடி ஏற்றினாள்.

"வெள்ளைப் பக்கெட்," என்றாள். "மெத்தை வச்ச மூடி."

"நாம சொல்லாமப் போனோம். திடீர்னு வாசல்ல நின்னதும் மறைக்க நேரமில்ல. மேல உக்காந்துட்டார். எந்திரிச்சா நீங்க உக்காந்திருப்பீங்க. உக்கார முன்னாடி பக்கெட்டை நகர்த்தியிருப்பீங்க. நகர்த்தினா கனம் தெரிஞ்சிருக்கும்."

"அட பாவி மனுஷா! பெத்த பொண்ணு ஊரெல்லாம் கருவி தேடுறா, இவரு அது மேல உக்காந்து அவளுக்குப் புத்திமதி சொல்றாரா?" அவள் முகம் மாறியது. "ஆனா பாஸ், மறைக்கறவர் எதுக்கு மஞ்சள் டேப் வாங்கணும்? ஏரியில தூக்கிப் போட்டிருக்கலாமே."

"அது எனக்கும் தெரியல. கோரினைக் கூப்பிடுங்க. பேக்கரியில இருந்து வீட்டுக்கு அவளுக்கு நடந்தே பத்து நிமிஷம்தான்."

* * *

கராஜ் கதவு பாதி உயர்ந்திருந்தது. ஆர்லன் ராஸ்முசென் வேலைமேசையருகே நின்று மீன்பிடித் தூண்டிலின் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. பெரிய உடம்பு. வலது கை மணிக்கட்டு வரை மெழுகு பூசியது போல வழவழப்பாக இருந்தது. ஒரு மின்பலகை வெடித்த நாளில் வெந்த கை.

அவர்களைக் கண்டதும் இரண்டு எட்டு வைத்து வெள்ளைப் பக்கெட்டில் உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி. வாங்கம்மா. ஏதாவது தெரிஞ்சுதா?"

"எனக்கு முதல்ல ஒரு இருக்கை தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றாள் பெர்னி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினாள். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளின் நடிப்பைப் பார்த்தவள், கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அடடா. சமையலறைக்கு வாங்களேன். நாற்காலி இருக்கு. காபி போடலாம்."

"போகலாமே. நீங்க முன்னாடி நடங்க."

ஆர்லன் அசையவில்லை. "நீங்க போங்கம்மா. நான் இங்க கொஞ்சம்..." தூண்டில் கயிற்றைக் காட்டினார்.

ஹாவ்லிக் சுவரைப் பார்த்தான். தோட்டத்து ஹோஸ் கொக்கியில் வட்டமாகத் தொங்கியது. நல்ல பச்சை. ஒரு தையல் இல்லை, ஓர் ஒட்டு இல்லை. அதன் பக்கத்தில் ஆணியில் சிவப்பு டேப் உருளை ஒன்று, ஒரு விரல் கனத்துக்குத் தூசியோடு.

"ஹோஸ் நல்லாத்தான் இருக்கு," என்றான்.

ஆர்லனின் விரல்கள் கயிற்றில் நின்றன.

ஹாவ்லிக் மஞ்சள் கையுறையை மேசையில் வைத்தான். "உங்க மனைவியை யாரும் ஏமாத்தலை சார். டெல்மர் கடையில ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாத்து வாங்கியிருக்காங்க. இந்தக் கையுறைய மாட்டிக்கிட்டு. அப்படி வாங்கினவங்க ஒரு மாசம் கழிச்சுக் காலேஜுன்னு சொல்ல மாட்டாங்க."

"சொன்னா." ஆர்லனின் குரல் தடித்தது. "அடக்கத்தன்னைக்கு சர்ச்சுல, சாப்பாட்டு நேரத்துல, நூறு பேர் கேட்டாங்க."

"நூறு பேர் கேட்டது நீங்க சொன்னதை. அவங்க சொன்னதைக் கேட்டது நீங்க மட்டும்தான்."

"என்னைப் பொய்யன்கிறியா தம்பி?"

"ஆமா."

தெருவில் ஒரு கார் போனது.

"நானும் பொய்யன்தான்," என்றான் ஹாவ்லிக். காய்கறி விலை சொல்லும் குரலில் சொன்னான். "என் மனைவி ஹெய்டி போய்ப் பதினோரு மாசம். கார் விபத்து. கடைசியா என்ன சொன்னான்னு அவ அம்மா கேட்டாங்க. 'அம்மாவை நல்லாப் பாத்துக்கோ'ன்னு சொன்னான்னேன். அவங்க அதை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதுக்குக் கீழ உக்காந்துதான் நான் சாப்பிடறேன்."

ஆர்லன் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமா என்ன சொன்னாங்க?"

"'டிரையர்ல துணி இருக்கு.' சொல்லிட்டுச் சாவியை எடுத்துக்கிட்டுப் போனா. அவ்வளவுதான். வசனம் பேசிட்டு யாரும் போறதில்ல சார். நீங்க சொன்னது வசனம். அதனால நேத்தே நான் அதை எழுதிக்கல."

சட்டம் போட்ட அந்த வார்த்தையைப் பதினோரு மாதமாக நம்பியிருந்த பெர்னி, தரையில் கிடந்த ஒரு மரச்சீவலைக் காலால் தள்ளினாள்.

ஆர்லன் தன் வெந்த கையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, மறுபடி உள்ளங்கை.

"இது வெடிச்சப்போ பக்கத்துல லெனிங்கிற ஒருத்தன் நின்னான்," என்றார். "எனக்குக் கை போச்சு. அவனுக்கு எல்லாம் போச்சு. அவன் பொண்டாட்டிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். கோரின் அப்போ மூணாவது படிச்சா. இவளும் அந்த வேலைக்குத்தான் போவேன்னா நான் என்ன செய்யறது? ஒருத்திய இப்பத்தான் புதைச்சிருக்கேன்."

"அதுக்காக..." என்று பெர்னி தொடங்கினாள்.

"அதுக்காகச் செய்யலம்மா. முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. மார்லிஸ் கடைசியா சொன்னது எனக்குப் புரியவே இல்ல. மருந்து மயக்கத்துல உளர்றான்னு நினைச்சேன். சர்ச்சுல எல்லாரும் என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேட்டாங்க. புரியாததை எப்படிச் சொல்றது? அவ சொல்லியிருந்தா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணினதைச் சொன்னேன். எல்லாரும் அழுதாங்க. கோரினும் அழுதா. ஒரு வாரம் கழிச்சு மார்லிஸோட துணியலமாரியைத் திறந்தேன். கோட்டுங்களுக்குக் கீழ இது இருந்துச்சு. அப்பத்தான் அவ சொன்னது புரிஞ்சது. நேராக் கடைக்குப் போனேன். வந்து..." நிறுத்தினார். "வந்து, செய்ய வேண்டியதைச் செஞ்சேன். ஆனா கொடுக்க முடியல. கொடுத்தா நூறு பேருக்கு முன்னாடி செத்தவ பேர்ல பொய் சொன்னவன் ஆயிடுவேன். திங்கக்கிழமை தாண்டினாப் போதும், தானா முடிஞ்சிடும்னு இருந்தேன்."

கராஜ் கதவுக்கு அடியில் குனிந்து யாரோ உள்ளே வந்தார்கள். கோரின். பேக்கரி ஏப்ரன், முழங்கை வரை மாவு. ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"பெர்னி ஆன்ட்டி, கிடைச்சுதுன்னீங்க. எங்க?"

ஆர்லன் எழுந்தார். மெதுவாக, முட்டி வலிப்பது அவருக்குத்தான் என்பது போல எழுந்தார். பக்கெட்டிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

கோரின் அப்பாவைப் பார்த்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். மண்டியிட்டு மூடியைக் கழற்றினாள்.

கட்டிங் பிளேயர், வயர் ஸ்ட்ரிப்பர், சுத்தியல், ரசமட்டம், ஸ்க்ரூ டிரைவர்கள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் மஞ்சள் டேப். ஒரே அகலம், ஒரே இடம், மேலே மூன்று சுற்று, கீழே மூன்று சுற்று, நுனி சுருக்கமில்லாமல் அழுத்தி ஒட்டியது. முப்பத்தொரு வருஷம் பழகிய கை மட்டுமே அப்படிச் சுற்றும். நேற்று வாங்கியவைபோல எல்லாம் மின்னின.

அவள் பிளேயரை எடுத்துப் பிடித்தாள். கை அதில் சரியாக உட்கார்ந்தது. ஒருமுறை அமுக்கினாள். விட்டாள்.

"இதை நீங்கதான் வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா அம்மா ஏமாந்துட்டான்னு சொன்னீங்களே அப்பா. அம்மாவுக்கு மூளை குழம்பிருச்சுன்னு சொன்னீங்க. பெரியம்மாகிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொன்னீங்க. நானும் நம்பினேன்." குரல் உயரவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "கருவியக்கூட விடுங்க. அம்மாவை நம்பாமப் போயிட்டேனே, அதுக்கு நான் இப்ப என்ன பண்றது?"

பெர்னி மேசைமேல் இருந்த மஞ்சள் கையுறையை எடுத்து, கோரினின் ஏப்ரன் பையில் செருகினாள். "அம்மா இதை மாட்டிக்கிட்டுத்தான் வாங்கினா கண்ணு. உன் கைய மாட்டிக்கிட்டு," என்றாள். அதில் கிண்டல் எதுவும் இல்லை.

கோரின் கையுறையைத் தொடவில்லை. பிளேயரையும் கீழே வைக்கவில்லை.

"அம்மா காலேஜுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன சொன்னாங்க?"

ஆர்லன் ஹாவ்லிக்கைப் பார்த்தார். ஹாவ்லிக் சுவரில் தொங்கிய ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்தியானம்," என்றார் ஆர்லன். "சூப்பைச் சூடு பண்ணி எடுத்துட்டு வந்தேன். கண்ணைத் திறந்தா. உதடு அசைஞ்சது. ஏதோ பெருசா சொல்லப்போறான்னு கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு, காதை அவ வாய்கிட்ட கொண்டுபோனேன்."

"சொல்லுங்கப்பா."

"'டேப் லிஸ்ட்டுல இல்ல, ஆர்லன். உன் காசுல வாங்கிடு. மஞ்சள்.'"